இடாப்பில் பதில் வராத பெயர்: தீயணைப்புப் படைகள் தம்மவரை நினைவுகூரும் விதம்

நியூயோர்க் தீயணைப்புத் துறையில் ஒருவர் கடமையில் இறந்துவிட்டால் மணி ஐந்து தரம் அடிக்கும், சற்று நிற்கும், மறுபடி ஐந்து. இப்படி நான்கு தடவை. நிலையங்களுக்கிடையே தந்திக் கம்பி வழியே செய்தி போன காலத்துக் குறியீடு இது. கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குங்கள், ஒருவரை இழந்துவிட்டோம் என்பது அதன் பொருள். தந்தி போய் வானொலி வந்தது, வானொலிக்குப் பின் கணினியும் வந்துவிட்டது. மணிக்கணக்கு மட்டும் மாறவில்லை.

யாழ்ப்பாணத்தில் நினைவுகூரல் என்றவுடன் கைக்கு வருவது சுடர். தீபம் ஏற்றாத அஞ்சலி இங்கே அரிது. தீயணைப்புப் படைகளின் மரபில் விளக்குக்குப் பெரிய இடமில்லை. அங்கே எல்லாம் ஓசைதான்: மணி, சைரன், இடாப்புக் கூப்பிடும் குரல், அதன் பிறகு ஒரு நிமிட அமைதி. புகை நிறைந்த கட்டடத்துக்குள் கண்ணால் ஆகிற வேலை குறைவு. உள்ளே நிற்பவனுக்கு உயிர் காக்கும் செய்தி காது வழியாகத்தான் வரும். ஆளசையாமல் அரை நிமிடம் கிடந்தால் இடுப்பில் மாட்டிய கருவி அலறும். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் மூச்சுக்காற்று முடியப் போகிறதென்றால் ஒரு விசில் கத்தும். எல்லாரும் வெளியே வா என்பதற்கும் விசில்தான். வேலைக்கு வைத்திருந்த சைகைகளையே சாவுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் அந்தச் சடங்குகளைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தொழிற்பாடம் கிடைக்கிறது.

மூன்று நாள்கள், மூன்று பாடங்கள்

இந்தியாவில் தீயணைப்புப் படை நினைவுநாள் ஏப்ரல் 14. நமக்குச் சித்திரைப் புத்தாண்டு பெரும்பாலும் வருகிற அதே திகதி. 1944இல் அன்று பம்பாய் விக்ரோறியா டொக்கில் ‘ஃபோர்ட் ஸ்ரிக்கீன்’ என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 தொன் வெடிபொருளும் ஒரே கப்பலில் இருந்தன. பிற்பகலில் புகை தெரிந்தது, வண்டிகள் வந்தன, 900 தொன்னுக்கு மேல் தண்ணீரை உள்ளே பாய்ச்சினார்கள். பஞ்சுப் பொதி மேலே நனையும், உள்ளே கனலும். எங்கே எரிகிறதென்று புகையில் தெரியவில்லை, பாய்ச்சிய தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. நான்கு மணி கழிந்து சில நிமிடங்களில் முதல் வெடிப்பு, அரை மணித்தியாலத்துக்குள் இரண்டாவது. கப்பலோடு நின்ற தீயணைப்பு வீரர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெடிபொருள் ஏற்றியதைக் காட்டும் சிவப்புக் கொடியை அந்தக் கப்பல் ஏற்றியிருக்கவில்லை. ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு கட்டடத்தையோ களஞ்சியத்தையோ நெருங்கக்கூடாது என்பதை அந்த நாள் சொல்கிறது.

உலகத் தீயணைப்பு வீரர் நாள் மே 4. அதற்குக் காரணமான சாவுகள் அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் லின்ரன் என்ற ஊர்க் காட்டில் நடந்தவை. 1998 டிசெம்பர் 2இல் தண்ணீர் நிரப்பத் திரும்பிக்கொண்டிருந்த வண்டியைத் திசை மாறிய காற்று தீக்குள் சிக்க வைத்தது. ஐந்து தொண்டர்கள் இறந்தார்கள். தொட்டியைக் கடைசிச் சொட்டுவரை இறைத்துவிட்டு எரியும் காட்டுக்குள் நிற்பது எவ்வளவு ஆபத்தென்று அதன் பிறகு எல்லாரும் பேசினார்கள். தன் வண்டியையும் தன் ஆட்களையும் நனைத்துக்கொள்ள ஒரு பங்கு தண்ணீரை மிச்சம் பிடிப்பது இன்று பல படைகளில் கட்டாயம். மே மாதத்தில் சோளகம் எழும் நம் ஊருக்கும் இது பொருந்தும். காய்ந்த பனங்காணியில் தீ ஒரு பக்கமாகப் போகிறதென்று நம்பி மறுபக்கம் நின்றவனுக்குக் காற்று ஒரு நொடியில் திரும்பும். தொங்குகிற காவோலை பற்றினால் தீ பனையின் வட்டுக்கு ஏறும். அங்கிருந்து பொறி எங்கே விழுமென்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது நாள் எல்லாருக்கும் தெரிந்தது: 2001 செப்ரெம்பர் 11. நியூயோர்க் துறை இழந்த 343 பேரில் 11 பேர் ஒரே அணியினர், மீட்பு அணி இலக்கம் ஒன்று. 1915இல் சுரங்க ரயில் பாதையொன்றில் புகை நிறைந்து, சாதாரண அணிகளால் உள்ளே நின்று வேலை செய்ய முடியாமல் போன அனுபவத்திலிருந்து உருவானது அந்த அணி. மூச்சுக்கருவியும் வெட்டுக் கருவிகளும் கயிறும் தூக்கிக்கொண்டு, மற்ற அணிகள் சிக்கினால் அவர்களை எடுக்கவே போகிறவர்கள். மீட்பவனை மீட்க ஒருவன் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் மற்ற நகரங்களுக்கும் பரவியது.

ஒரு தகட்டின் கதை

பிரித்தானிய மரபில் வந்த படைகளில் மூச்சுக்கருவி மாட்டியவர் எவரும் வாசலில் ஒரு பெயர்த் தகட்டைக் கொடுக்காமல் உள்ளே போக முடியாது. 1958 ஜனவரி 23இல் லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலக்கீழ் அறைகளில் தீ. வளைந்து வளைந்து போகும் பாதைகள், குளிர்க் களஞ்சியங்கள், கண் தெரியாத புகை. கிளார்க்கன்வெல் நிலையத்தைச் சேர்ந்த இருவர் காற்று முடிந்து உள்ளேயே இறந்தார்கள். எவர் எப்போது போனார், அவரிடம் எவ்வளவு மிச்சம் என்று வெளியே நின்ற எவரிடமும் ஒழுங்கான கணக்கு இருக்கவில்லை. தகடும், வாசலில் அதைச் செருகிவைத்துக் கணக்குப் பார்க்கும் பலகையும் அந்த இழப்பின் பின் ஒழுங்குக்கு வந்தவை.

தகட்டில் பெயர், உள்ளே போன நேரம், போகும்போது சிலிண்டரின் அழுத்தம் எழுதப்படும். கணக்கு இப்படி: 6.8 லீற்றர் சிலிண்டரை 300 பார் (காற்றழுத்த அலகு) வரை நிரப்பினால் சுமார் 2,000 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று கணக்கிட்டுத்தான் ‘50 நிமிடம்’ என்பார்கள். ஆளை இழுத்துக்கொண்டு படியேறுபவன் 60 லீற்றர் குடிப்பான், சில வேளை அதற்கும் மேல். கடைசி 50 பார் அவசரத்துக்கு, அதைத் தொடக்கூடாது. மிச்சம் 250 பார், அதாவது 1,700 லீற்றர். அறுபதால் வகுத்தால் 28 நிமிடம். அதிலும் உள்ளே போக 80 பார் செலவழிந்தால் வெளியே வர இன்னொரு 80 வேண்டும். விசில் கத்திய பிறகு திரும்பத் தொடங்குபவன் பிந்திவிட்டான்; கத்தும்போது வாசலில் நிற்க வேண்டும். பலகையைப் பிடித்து நிற்பவருக்கு இந்தப் பெருக்கல் வகுத்தலைத் தவிர வேறு வேலை கொடுக்கக்கூடாது. ஆள் பற்றாக்குறையில் அவரையே குழாய் இழுக்கவும் அனுப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

நினைவு நிகழ்வில் இறந்தவரின் தலைக்கவசத்தையும் சப்பாத்தையும் மேசையில் வைப்பார்கள். தகட்டையும் வைக்கலாம், பொருத்தமானதும் அதுதான்.

யாழ்ப்பாணத்துக் கணக்கு

இலங்கையில் தீயணைப்பு உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் அது மாநகர சபையின் கையில். ஆனால் தீ எல்லைக்கல் பார்த்து எரிவதில்லை. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த ஊருக்கென்று ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர். மணிக்கு 60இல் ஓடினாலும் ஒரு மணித்தியாலம் தாண்டும். துணியும் பிளாஸ்ரிக்கும் அடுக்கிய கடையொன்று முழுதாகத் தீப்பிடிக்கச் சில நிமிடங்கள் போதும்.

அந்தத் தூரமே ஆட்களுக்கும் ஆபத்து. 4,500 லீற்றர் தண்ணீர் என்றால் நாலரைத் தொன். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி பொல்லாதது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து, வண்டி நிமிரும்போது மறுபக்கம் அடிக்கும். தொட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள் இருப்பது அதற்காகத்தான். துருப்பிடித்து அவை கழன்ற வண்டியை வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல நாடுகளில் கடமைச் சாவுகளில் பெரிய பங்கு தீயில் நிகழ்வதில்லை. அமெரிக்காவின் நீண்டகாலப் பதிவுகளில் பாதியளவு மாரடைப்பு, அடுத்தது வாகன விபத்து. இருபது கிலோவுக்கு மேற்பட்ட அங்கியும் கருவியும் மாட்டி, 33 பாகை வெயிலில் ஓடுகிற நெஞ்சுக்கு அது புதிரல்ல. புகைக்கரியும் சேர்த்தி: தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் தரக்கூடியதென்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022இல் வகைப்படுத்தியது. கரி படிந்த அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்ப்பதைப் பெருமையாக நினைக்கிற பழக்கம் போகவேண்டும்.

தண்ணீர் இன்னொரு தனிக் கதை. ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் தீயணைப்பு என்பது கடைசியில் கிணற்றில்தான் போய் நிற்கிறது. 10 அடி விட்டமும் 6 அடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 13,000 லீற்றர் இருக்கும். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லீற்றர் விசிறினால் அரை மணித்தியாலம் தாங்கும். இரண்டு குழாய் என்றால் கால் மணித்தியாலம். சுண்ணாம்புக் கல்லின் ஊற்று அந்த வேகத்துக்கு ஊறாது. பம்ப் எவ்வளவு பலமானாலும் ஏழு, ஏழரை மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சாது, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது பம்ப் இல்லை, காற்றழுத்தம். உறிஞ்சு குழாயின் வடிகட்டித் தலை இரண்டடியாவது தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் சுழி விழுந்து காற்றை இழுக்கும். அப்படியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் பத்தில் ஒன்பது தரம் குழாய்ப் பொருத்தில் வாசர் காய்ந்திருக்கும். ஒழுங்கைகளில் வண்டி நுழையாதபோது குழாயைத் தெருவிலிருந்து இழுக்க வேண்டும். நீளம் கூடக்கூட நொசிலில் அழுத்தம் குறையும்.

கிணறு தண்ணீர் மட்டும் தருவதில்லை, ஆளையும் எடுக்கிறது. இறைக்கிற மெசினைக் கிணற்றுக்குள் படியில் இறக்கி ஓட்டுவார்கள். புகை மேலே வராது உள்ளேயே தேங்கும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடினாலே இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒட்சிசன் குறைந்த கிணற்றைக் காட்டிக்கொடுக்கும். இந்த வாயுவைக் காட்டாது, விளக்கு அழகாக எரிந்துகொண்டிருக்கும். முதலில் விழுந்தவரை எடுக்கத் தம்பி இறங்குவார், தம்பியை எடுக்க மச்சான். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். மூச்சுக்கருவி, முழு உடலையும் தாங்கும் பட்டி, மேலே முக்காலியில் கயிறு, கயிற்றைப் பிடிக்க இரண்டு பேர்: இந்த நான்கும் சேரும்வரை யாரையும் இறக்கக்கூடாது. சனம் ‘ஏன் நிக்கிறியள், இறங்குங்கோவன்’ என்று கத்தும். அந்த இரண்டு நிமிடம் நிற்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினம்.

அப்படி அயலவரை எடுக்க இறங்கி மாண்டவர்கள் எந்தப் படையின் பட்டியலிலும் இல்லை. நிலையம் தன் நினைவுநாளில் அவர்களையும் சேர்த்துக்கொண்டால் ஊருக்குச் செய்யும் மரியாதைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஊர் தரும் உதவி பெரும்பாலும் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியோடு ‘கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்’ எழுதப்படுகிறது. நாலைந்து குடும்பம் ஒரு கிணற்றில் பங்கு வைத்திருக்கும். தீ நேரத்தில் யாரிடம் கேட்பது, எந்தப் படலையால் உறிஞ்சு குழாயை விடுவது, கட்டு எவ்வளவு உயரம், மாரியிலும் கோடையிலும் நீர்மட்டம் என்ன என்பது ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். கோடை முடிவில் அளந்ததுதான் நம்பத்தக்க அளவு. மார்கழியில் அளந்ததை வைத்து ஆவணியில் போனால் வடிகட்டி சேற்றில் நிற்கும். கிணறு தந்தவர், பவுசர் தந்தவர், இரவில் தெரு விளக்கில் நின்று வழி காட்டியவர் ஆகியோருக்குப் பொன்னாடையைவிட அந்தக் கொப்பியில் பெயர் பதிவது நல்லது. அடுத்தமுறை வண்டி நேரே அவர் படலைக்கு வரும்.

மே 4 காலையில் என்ன செய்வது

மே இங்கே ஏற்கெனவே கனத்த மாதம். முள்ளிவாய்க்கால் நினைவு அந்த மாதத்தில், நூலகம் எரிந்த 1981 மே 31 இரவும் அந்த மாதத்தில். 97,000 நூல்கள் போன தீ அது. இன்னொரு அஞ்சலியைப் புகுத்தும்போது மற்றவற்றோடு போட்டியிடாமல் சுருக்கமாக வைத்தால் போதும். இருபது நிமிடம் தாராளம்.

கொடியை முதலில் உச்சிவரை ஏற்றிப் பிறகே அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றி, பிறகு இறக்க வேண்டும். நேரே பாதியில் கட்டுவதை அடிக்கடி காண்கிறோம். அடுத்தது இடாப்பு. கடமையிலிருப்பவர்களின் பெயரைப் பொறுப்பதிகாரி கூப்பிட, ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள். நடுவே இறந்தவரின் பெயர் வரும். பதில் வராது. இரண்டாம் தரம் கூப்பிடுவார், மறுபடியும் வராது. மூன்றாம் தரம் முடிய மணி. அதற்கு முன்னும் பின்னும் ஒலிவாங்கியில் யாரும் விளக்கம் சொல்லக்கூடாது.

மணி விடயத்தில் நம் ஊருக்கு ஒரு நுணுக்கம் உண்டு. குருநகரிலோ பாசையூரிலோ தேவாலயத் துக்கமணி கேட்டு வளர்ந்தவருக்குச் சாவுக்கு மணி அடிப்பது உடனே விளங்கும். சைவருக்குக் கோயில் மணி பூசைக்குரியது. சாவுக்குச் சேமக்கலமும் சங்கும்தான். பித்தளை மணி இல்லாத நிலையம் சேமக்கலத்தை எடுத்துக்கொள்வதில் குறையொன்றுமில்லை. ஐந்து ஐந்தாக அடிக்கும் கணக்கு மட்டும் தவறாமலிருந்தால் சரி. அவசரப்பட்டால் ஐந்து ஆறாகிவிடும், ஆகவே அடிப்பவருக்குப் பக்கத்தில் எண்ணுவதற்கென்று ஒருவர் நிற்கட்டும்.

மே மாத முதல் ஞாயிறு நண்பகலில் 30 வினாடி சைரன் ஒலித்து ஒரு நிமிடம் மௌனம் காப்பது பல நாடுகளின் வழக்கம். இங்கே செய்வதென்றால் இரண்டு நாளுக்கு முன்பே பத்திரிகையிலும் ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட வேண்டும். எதிர்பாராத பெருஞ்சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிப் பழகிய தலைமுறை இன்னும் அயலில் இருக்கிறது. வைத்தியசாலை, பாடசாலைப் பக்கம் வண்டியைத் திருப்பி நிறுத்தக்கூடாது.

தொலைபேசியில் எப்போதும் ஒருவர் இருப்பார். மௌனத்தின் நடுவே அழைப்பு வந்தால் இடாப்பு மேசையில் திறந்தபடி கிடக்க, வண்டி போய்விடும்; மீதியை வந்து வாசிக்கலாம்.

வீட்டுக்காரருக்கு

பிள்ளையை இழந்த வீட்டுக்குப் படையின் நினைவுநாள் முக்கியமில்லை, திதிதான் முக்கியம். திதி ஒவ்வோர் ஆண்டும் திகதி மாறும். எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எப்போது என்று வீட்டாரிடம் கேட்டு, நிலையத்திலிருந்து இரண்டு பேர் சீருடையில்லாமல் போய் வருவது நல்லது. சீருடையோடு வரிசையாகப் போய் நின்றால் அது வீட்டாருக்கு விருந்தோம்பல் வேலையாகிவிடும்.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். இறந்தவர் நிரந்தர ஊழியரா, அமைய ஊழியரா என்பதைப் பொறுத்துக் குடும்பத்துக்குக் கிடைப்பது தலைகீழாக மாறும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்பதற்கும் காப்புறுதிக்கும் முதலில் நிரூபிக்க வேண்டியது, சாவு கடமையில் நேர்ந்தது என்பதைத்தான். அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், யார் யார் ஏறினார்கள் என்பதெல்லாம் சம்பவப் பதிவேட்டில் அன்றே மையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, திடீர் மரண விசாரணை அதிகாரியின் தீர்ப்பு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை ஆகிய மூன்றையும் எடுப்பதற்கு நிலையத்திலிருந்து ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். மாரடைப்பென்றால் சிக்கல் கூடும். தீயணைத்துவிட்டு வீட்டுக்குப் போய் இரவில் விழுந்தவருக்கு அன்றைய பதிவேடே சாட்சி. அதில் ‘மூவர் சென்றனர்’ என்று மட்டும் இருந்தால் அந்த மூவர் யாரென்று பிறகு சத்தியக்கடதாசி தேடி அலைய வேண்டும்.

பெயர்க்கல் வைப்பதானால் கருங்கல்லில் செதுக்குவதே நல்லது. கடற்காற்றுக்கு இரும்புச் சட்டம் சில மாரியிலேயே துரு வடித்துக் கல்லில் கோடு இழுக்கும். வர்ணம் பூசிய எழுத்து வெயிலில் உதிரும். ஊர்ச் சுண்ணாம்புக்கல் அழகு, ஆனால் எழுத்தின் விளிம்பு மழையில் மழுங்கும். முதலெழுத்தையும் பெயரையும் எழுதும் விதத்தை வீட்டாரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கக்கூடாது. பெரிய கல்லில் ஒரு பெயரைச் செதுக்கிவிட்டுக் கீழே வெறுமையாக விடுவதைவிட, ஒவ்வொருவருக்கும் தனிச் சிறு பலகையாக வைப்பது மேல். கடமைக்கு வருகிறவர்கள் தினமும் காலையில் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறத் தேவையில்லை.